ஆறாம் ஆண்டுக்கு அப்புறம் யார் கேட்பது?

கோலாலம்பூர், செந்தூல். ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடக்கிறது. நான் அங்கே கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு இரண்டு மணிக்குத்தான். ஆனால் ஒன்றரைக்கே சோறு வந்துவிடும். பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் பெரிய பானையில் சாம்பாரும் முட்டைப் பொரியலும் செய்து கொண்டுவருவார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம்.

அங்கே ஒரு பையன் வருவான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தவரை தட்டில் பாதியை மீதி வைத்துவிட்டு விளையாட ஓடுவான். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன இரண்டாம் மாதம் பார்த்தால், இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பானை பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வளர்கிற வயது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மெல்ல விசாரித்தபோது விஷயம் வந்தது. “பழைய ஸ்கூல்ல ரெஸ்ட் டைம்ல சாப்பாடு கொடுப்பாங்க சார். இங்க இல்ல.”

அவன் சொன்னது சரிதான். மலேசியாவில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் திட்டங்கள் நிறையவே இருக்கின்றன. பல நாடுகளோடு ஒப்பிட்டால் பெருமைப்படலாம். ஆனால் அவற்றில் கணிசமானவை பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன, அல்லது மெலிந்துவிடுகின்றன. நம் தமிழ்ப்பிள்ளைகளுக்குப் பள்ளியும், படிக்கும் மொழியும், நண்பர்களும் ஒரே நேரத்தில் மாறுவதும் அதே வயதில்தான்.

சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பையன் சொன்னது ஆர்.எம்.டி. எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்தை. 1979 முதல் நடக்கிறது. கல்வியமைச்சு பணம் கொடுக்க, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் சமைக்கிறார். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி வகுப்பில் உள்ளவர்களுக்கும் வருமானக் கணக்கு பார்க்காமல் கிடைக்கும். 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. இந்தக் கூடுதல் உணவு ஆரம்பப்பள்ளிக்கு மட்டுமே உரியது.

யார் வறியவர் என்று முடிவு செய்வதில் இந்த நாட்டில் நெடுநாள் ஒரு கோளாறு இருந்தது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே போனால்தான் அது ஏழைக் குடும்பம் என்று தேசிய வறுமைக்கோடு சொன்னது. கோலாலம்பூரில் 980 வெள்ளியை வைத்துக்கொண்டு வாடகை, பஸ், கரண்டு, தண்ணீர் எல்லாம் கட்டி நாலு பேர் எப்படிச் சாப்பிடுவது? அந்தக் கணக்குப்படி 2016இல் நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்தக் கணக்கு யதார்த்தத்தோடு ஒட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அரசு வறுமைக்கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனே 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று ஆனது. ஒரே இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை. அதுவரை கணக்கில் வராதவர்கள் கணக்கில் வந்தார்கள்.

நகரத்துப் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை அதற்கு முன்பே காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. யுனிசெஃப் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. 17 மலிவு விலை அடுக்குமாடிப் பகுதிகளில் 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 12 பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே வீடுகளில், பிள்ளைகளில் நூற்றுக்கு 23 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள்.

ஒரே மாடியில் குள்ளமும் பருமனும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. மாடியில் இருப்பவர்களுக்கு அது புதிரே இல்லை. அம்மா துப்புரவு வேலைக்கு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். அப்பா இரவு ஷிப்ட்டில் காவல் வேலை. வீட்டில் சமைக்க ஆள் இல்லாதபோது கையில் இரண்டு வெள்ளி கிடைக்கும். அந்த இரண்டு வெள்ளிக்கு வயிறு நிரம்ப வேண்டும் என்றால் மேகி மீ, பொரித்த சாசேஜ், பாக்கெட்டில் கட்டிய சிராப் தண்ணீர். அதில் மாவும் எண்ணெயும் சீனியும் இருக்கின்றன. மீனோ பருப்போ கீரையோ அந்த விலைக்கு வராது. ஆக, பள்ளியில் ஓய்வு நேரத்தில் கிடைக்கும் அந்த ஒரு முட்டையும் ஒரு பழத்துண்டும் சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் உருப்படியான சாப்பாடு.

ஆனால் அந்தச் சாப்பாட்டோடு ஒரு பெயரும் ஒட்டிக்கொள்கிறது. சிற்றுண்டிச்சாலையில் தனி மேசை, தனித் தட்டு. “ஆர்.எம்.டி. பிள்ளைங்கெல்லாம் இங்க வாங்க” என்று ஓர் ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் கூப்பிடுவார். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அந்த அழைப்பு எப்படிக் கேட்கும் என்பதை யோசிப்பதில்லை. நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வந்ததும் சில பிள்ளைகள் பசி இல்லை என்று சொல்லி ஒதுங்குவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். 2019இல் அப்போதைய கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவு என்று அறிவித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டால் யார் ஏழை என்று தெரியாதே. அந்தத் திட்டம் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பழைய திட்டத்தை மேம்படுத்துவது என்ற அளவில் சுருங்கிவிட்டது.

எல்லாருக்கும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாப்பாட்டைவிட நல்ல உதாரணம் ஒன்று பினாங்கில் இருக்கிறது. பினாங்கு என்றதும் நாம் 1816ஐச் சொல்வோம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஆண்டு, இந்த நாட்டில் தமிழ்க்கல்வியின் பிறந்த நாள். ஆனால் நான் சொல்ல வந்தது பல்லைப் பற்றி. 1949இல் பினாங்கில்தான் பள்ளிப் பல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் நடந்த முறையைப் பார்த்து இங்கே கொண்டுவந்தார்கள். முழுப் பல் மருத்துவர்கள் போதாத காலம். அதனால் இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்க்க அனுமதித்தார்கள்: சொத்தையை அடைப்பது, பிடுங்குவது, சுத்தம் செய்வது.

என் வயதுக்காரர்களுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். வெள்ளைச் சீருடையில் பல் மிஸ்ஸி பள்ளிக்கு வருவார். காலியாக இருக்கும் வகுப்பறையில் மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து, விளக்கை மாட்டுவார். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கும்போதே கிராம்பு வாசனை மூக்கில் ஏறி வயிற்றைக் கலக்கும். துணி வியாபாரி மகனும் வாயைத் திறக்க வேண்டும், தோட்டத்துப் பிள்ளையும் வாயைத் திறக்க வேண்டும். அப்பா லீவு போட வேண்டியதில்லை, பஸ் காசு வேண்டியதில்லை, பாரத்தில் ஒரு கையெழுத்து போட்டு அனுப்பினால் போதும். இன்றும் அந்தச் சேவை பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த முறை ஏன் பலித்தது என்று பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. திட்டம் பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்தது. வந்தபோது எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. ஒன்றாம் ஆண்டில் போடும் தடுப்பூசிகளும் இப்படித்தான். 2010 முதல் படிவம் ஒன்று மாணவிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியைப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். தனியார் கிளினிக்கில் போட்டால் நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும். அம்மாவுக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாத வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஊசி கிடைத்திருக்கிறது. படிவம் ஒன்றில் மகள் படிக்கும் பெற்றோர் அந்தச் சம்மதப் பாரத்தைக் கையெழுத்திடாமல் பையிலேயே விட்டுவிட வேண்டாம் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறானது கண் பரிசோதனைக்கு அப்புறம் நடப்பது. பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு பிள்ளையின் பார்வையைச் சோதித்துக் குறை இருந்தால் ஒரு கடிதம் கொடுக்கும். கிளினிக்குக்குப் போ, அங்கிருந்து கண் மருத்துவரைப் பார், அப்புறம் கண்ணாடி வாங்கு. கடிதம் வரைக்கும் திட்டம் வந்தது. அதற்கு மேல் பெற்றோர் போக வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை பலகையில் எழுதியதைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். மந்தம் என்று நினைத்திருந்தோம். அவள் பையின் அடியில் எட்டு மாதம் பழைய கடிதம் ஒன்று மடிந்து, ஓரம் எல்லாம் கிழிந்து கிடந்தது. கண்ணாடி போட்ட அடுத்த வாரமே பின்னப் பெருக்கலைத் தப்பில்லாமல் செய்தாள்.

சரி, பதின்மூன்று வயதுக்கு வருவோம்.

தமிழ்ப்பள்ளி பெரும்பாலும் சின்னப் பள்ளி. நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள பள்ளிகளும் நிறைய. சின்னதாக இருப்பதில் குறைகள் உண்டு. முழுநேர ஆலோசகர் இல்லாமல் வகுப்பாசிரியரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பது அதில் ஒன்று. ஆனால் அங்கே டீச்சருக்குப் பிள்ளையின் வீடு தெரியும். அப்பா வேலை போனது, அம்மா மருத்துவமனையில் இருப்பது, பாட்டி வீட்டில் வளர்வது எல்லாம் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் போன் வரும். நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே ஒரு வகுப்பில் தமிழ்ப்பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். அறிவியலும் வரலாறும் கணிதமும் இனி மலாய்மொழியில்.

மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன்பு ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு மட்டுமே இந்த வகுப்பு. மொழியைப் பிடித்துக்கொள்ள அவகாசம் கொடுப்பது நல்ல எண்ணம்தான். அந்த ஓராண்டை ஒழுங்காகப் பயன்படுத்தும் ஆசிரியர் கிடைத்தால் பிள்ளை தேறிவிடும். நானே பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால், நண்பர்களெல்லாம் மேலே போக நாம் மட்டும் தங்கிவிட்டோம் என்ற நினைப்பு பிள்ளையின் மனத்தில் உட்கார்ந்துவிடும். பள்ளிப் படிப்பின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும். பதின்மூன்றில் மொழி நழுவினால் பதினேழில் சான்றிதழே நழுவும்.

இதோடு பள்ளி நேரமும் மாறுகிறது. இட நெருக்கடியால் நகரத்தில் பல இடைநிலைப்பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு வேளையாக நடக்கின்றன. பெரும்பாலும் சின்னப் படிவங்களுக்குத்தான் மதியப் பள்ளி. நேற்றுவரை ஆறு மணிக்கு எழுந்து வேனில் போன பிள்ளை, இனி பகல் பன்னிரண்டு வரை வீட்டில் தனியாக இருக்கிறது. அம்மா அப்பா வேலையில். கையில் போன். கீழே படிக்கட்டு ஓரத்தில் பள்ளிக்குப் போகாத அண்ணன்கள். பொழுதுபோக்க வேப் எனப்படும் மின்சிகரெட் புகையும் அங்கே கிடைக்கும். 2022இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது மாணவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிப்பவர்கள். 2017இல் அது 9.8. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது.

அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண் என்னை அதிகம் உலுக்கியது. மனச்சோர்வு அறிகுறி உள்ள மாணவர்கள் 2017இல் 18.3 விழுக்காடு, 2022இல் 26.9. நாலில் ஒருவருக்கும் மேல். இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மனநலப் பரிசோதனைக் கேள்வித்தாளும் கொடுக்கிறார்கள். ஆனால் ஓர் ஆலோசகருக்கு நூற்றுக்கணக்கான மாணவர். கேள்வித்தாளில் “இல்லை, இல்லை” என்று கோடு போட்டுவிட்டு எழுந்து வரும் பையனை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் வீடுகளில் வேறு, ஆலோசகர் அறைக்குப் போனான் என்றாலே ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அடிக்கப் பாய்கிறோம். கட்டொழுங்கு ஆசிரியர் அறையும் ஆலோசகர் அறையும் நமக்கு ஒன்றாகவே தெரிகிறது. 2022இல் சுகாதார அமைச்சு 15555 என்ற மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. மனவேதனையில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்க 1970இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, கோலாலம்பூரில் 03-7627 2929 எண்ணில் இரவும் பகலும் போன் எடுக்கிறது. எங்கள் மண்டபக் கதவில் இந்த இரண்டு எண்ணையும் ஒட்டி வைத்திருக்கிறோம். பெற்றோரும் அழைக்கலாம் என்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

சட்டமும் இந்த வயதில் நெடுநாள் கை விட்டிருந்தது. ஆரம்பக் கல்வி 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. படிவம் ஒன்றுக்குப் போகாமல் நின்றால் பெற்றோரைக் கேட்க யாருக்கும் சட்டப்படி வழியில்லாமல் இருந்தது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல்தான் மக்களவையில் நிறைவேறியது. தாமதம் என்றாலும் நல்ல செய்தி. ஆனால் பெயரைப் பதிந்துவிட்டு வராமல் இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருவது சட்டத்தின் வேலையாக மட்டும் இருக்க முடியாது.

இங்கேதான் சமூகம் வருகிறது. இந்தியச் சமூகம் இந்த நாட்டில் கல்விக்காகச் சும்மா இருக்கவில்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வார இறுதி வகுப்புகளில் உட்கார வைத்தது. பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பெற்றோரோடு பத்துமலைக்கு அழைத்துப் போகும் கல்வி யாத்திரை அவர்கள் கொண்டுவந்த வழக்கம். படிப்பை வேண்டுதலாக்கிக் குடும்பத்தையே அதில் இழுத்த நல்ல யோசனை அது. செந்தூலில் 1998 முதல் நடக்கும் டிக்னிட்டி அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கும் அகதிப் பிள்ளைகளுக்கும் பாலர் வகுப்பிலிருந்து இடைநிலை வரை ஒரே இடத்தில் கல்வி கொடுக்கிறது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்காக வழக்கறிஞர் பசுபதி 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறக்கட்டளை, சிலாங்கூரின் கலும்பாங்கில் தங்கும் வளாகம் அமைத்துக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கிறது. தனியாக வீட்டில் கிடந்து கெட்டுப்போகும் மணி நேரங்களையே அங்கே எடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், நம் கோயில்களிலும் சங்கங்களிலும் நடக்கும் டியூஷன்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பகுதி ஆறாம் ஆண்டுக்கே. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் ஏழு ஏ, எட்டு ஏ வாங்கிய பிள்ளைகளின் படம் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வரும். மாலை போடுவோம், மடிக்கணினி கொடுப்போம். அந்தப் பரீட்சை 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் வழியனுப்பு விழா வைத்துவிட்டு அடுத்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். போன பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வேளையில், யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. நாங்களும் பல வருடம் அப்படித்தான் செய்தோம்.

பணமும் ஒரு காரணம். இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா வழியாக இந்தியச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. 2014இல் செடிக் என்று தொடங்கி, 2018இல் பெயர் மாறி, பிரதமர்துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே அது இடம் மாறிய கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு மானியம் வாங்கும் அமைப்பு ஒரு வருடத்தில் முடியும் வேலையைத்தான் எடுக்கும்: ஒரு முகாம், ஒரு பட்டறை, ஒரு பரிசளிப்பு. பன்னிரண்டு வயதில் கையைப் பிடித்து பதினேழு வரை விடாமல் கூட்டிப்போகும் வேலைக்கு ஐந்து வருடம் வேண்டும். படம் எடுத்து அறிக்கையில் ஒட்ட அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நாங்கள் இப்போது செய்வது சின்ன வேலைதான். மதியப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாரத்தில் மூன்று காலை, ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து மலாய்மொழி வாசிக்க வைக்கிறார். புறப்படும் முன் எல்லாருக்கும் சாப்பாடு, அவித்த முட்டை கட்டாயம். யாருக்கு வசதி, யாருக்கு இல்லை என்று கேட்பதில்லை. அப்புறம் ஒரு நீல நிற நோட்டு வைத்திருக்கிறோம். இடப்பக்கம் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளையின் பெயர், வலப்பக்கம் போன இடைநிலைப்பள்ளி, வகுப்பு, காலையா மதியமா, அந்தப் பள்ளியில் நமக்குத் தெரிந்த ஆசிரியர் யார்.

இந்த வருடம் இடப்பக்கம் 21 பெயர். வலப்பக்கம் 19 நிரம்பிவிட்டது. மீதி இரண்டில் ஒன்று நாலாம் மாடி, இன்னொன்று பதினோராம் மாடி. லிஃப்ட் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நாளை சாயங்காலம் அக்காவும் நானும் ஏறிப் போகிறோம்.